ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடுவது யார்?

ப்ளஸ் ஒன் சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கேட்கிற கேள்விகளில் ஒன்று எனக்கு மனப்பாடம். "பிசிக்ஸுக்கு சார் யாரும் இல்லீங்களா?" கேட்பவர்களுக்கு என்மேல் இளக்காரமெல்லாம் கிடையாது. எதிரே உட்கார்ந்து படிவத்தைச் சரிபார்க்கிற அம்மாதான் பிசிக்ஸ் எடுப்பவர் என்பது தெரியாமலேயே பலர் கேட்பார்கள். தெரிந்ததும், "அதுக்கில்ல டீச்சர், பொதுவா கேட்டேன்" என்று மழுப்புவார்கள். உயிரியலுக்கு இப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே தொங்கும் நீட் கோச்சிங் பேனர்களிலும் இதே ஏற்பாடுதான். பிசிக்ஸுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் கை கட்டி நிற்கும் சார்கள், விலங்கியலுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு மேடம்.

ஆசிரியர் அறையில் இதற்கு ஒரு கோட்பாடே வைத்திருக்கிறார்கள். பெண்கள் பொறுமையாக, பாசமாக, படிப்படியாக நடத்துவார்களாம். ஆண்கள் 'கான்செப்ட்டா' நடத்துவார்களாம். அதனால் பெண்பிள்ளைகளுக்கு டீச்சர், பையன்களுக்கு சார். டீ குடித்துக்கொண்டே சிரிப்பாகச் சொல்வதுதான் என்றாலும் நான் சும்மா விடுவதில்லை. எங்கள் பள்ளி வேதியியல் சார் குரலையே உயர்த்த மாட்டார். ஒரு மோல் கணக்கை நாலு விதமாகச் சொல்லித் தருவார். பிள்ளைகள் வீட்டுச் சங்கடங்களை அவரிடம்தான் போய்ச் சொல்கிறார்கள். நான் நேர்மாறு. டெரிவேஷனை ஒப்பித்தால் பிடிக்காது, வரிக்கு வரி ஏன் என்று கேட்பேன், எனக்கு வகுப்பில் வைத்திருக்கும் பட்டப்பெயர் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. நடத்தும் பாணி பிறப்போடு வருவது என்றால் எங்கள் இரண்டு பேரையும் மாற்றிப் படைத்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பொத்தாம்பொதுவாகப் பார்த்தால் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கல்லூரி ஆசிரியர்களிடம் எடுக்கும் கணக்கெடுப்புகளில், விரிவுரையை நம்பிப் பாடம் நடத்துபவர்கள் ஆண்களில் கூடுதலாகவும், குழு விவாதம், குழு வேலை என்று போகிறவர்கள் பெண்களில் கூடுதலாகவும் இருப்பது தொடர்ந்து தெரிகிறது. ஆனால் நம் ப்ளஸ் டூ வகுப்பில் பாணிக்கு ஏது இடம்? போர்ஷனை முடிக்க வேண்டும், ரிவிஷன் டெஸ்ட் வைக்க வேண்டும், மெல்லக் கற்போருக்குத் தனி வகுப்பு எடுக்க வேண்டும். பொங்கல் லீவு முடிந்து வந்தால் ஆண், பெண் எல்லோருக்கும் ஒரே பாணிதான்: "புக் பேக் ஒன் வேர்டு எடுங்க."

எனவே பாணியை ஓரமாக வைத்துவிட்டு நேராகக் கேட்கலாம். முன்னால் நிற்பவர் ஆணா பெண்ணா என்பதால் பிள்ளைகள் அறிவியலில் தேறுவது மாறுகிறதா?

இதைக் கண்டுபிடிப்பது பார்க்கிற அளவுக்குச் சுலபமில்லை. கல்லூரிகளில் பிள்ளைகளே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிகளில் எந்த செக்‌ஷனுக்கு யார் என்பதைத் தலைமையாசிரியர் முடிவுசெய்கிறார், 'ஏ' செக்‌ஷன் யாருக்குப் போகும் என்பதில் ஆயிரம் அரசியல். மார்க் வித்தியாசம் வந்தாலும் அது ஆசிரியரால் வந்ததா, வகுப்பே அப்படித்தானா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தச் சிக்கல் இல்லாத ஓர் இடத்தை ஸ்காட் கேரல், மரியான் பேஜ், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் பிடித்தார்கள். கொலராடோவில் இருக்கும் அமெரிக்க விமானப்படை அகாடமி. அங்கே முதலில் எல்லோரும் கணக்கு, இயற்பியல், வேதியியல், பொறியியல் அடிப்படைப் பாடங்களைக் கட்டாயம் படிக்க வேண்டும். எந்தப் பேராசிரியர் வகுப்பு என்பதை மாணவர் கேட்க முடியாது, குலுக்கல் மாதிரிதான் விழும். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், ஒரே நேரத்தில் தேர்வு. இதைவிட நியாயமான தராசு கிடைக்காது.

2010-இல் வெளியான அவர்களது முடிவு இது. பையன்களுக்கு முன்னால் நிற்பவர் ஆணா பெண்ணா என்பது கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. பெண்களுக்கு அது பெரிய பொருட்டு. அதிலும் கணக்கில் மிக வலுவாக நுழைந்த பெண்களிடம்தான் விளைவு அதிகம். அறிமுக வகுப்புகளில் பெண் பேராசிரியர்கள் கிடைத்தபோது, அந்தப் பெண்களுக்கும் அதே திறமையுள்ள ஆண்களுக்கும் நடுவே மதிப்பெண்ணிலும், அறிவியல் பொறியியல் பட்டம் எடுப்பதிலும் இருந்த இடைவெளி மறைந்தே போனது. இலக்கியம், வரலாறு மாதிரியான பாடங்களில் பேராசிரியரின் பாலினத்தால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

இதைப் படித்தபோது நான் முதலில் யோசித்தது வகுப்பில் சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை அல்ல, முதல் பெஞ்சில் உட்கார்ந்து 98 வாங்கும் பெண்களை. நாம் அவர்களைப் பற்றிக் கவலைப்படுவதே கிடையாது. "அவ பாத்துக்குவா" என்று விட்டுவிடுகிறோம். அவளோ ப்ளஸ் டூ முடித்ததும், பிசிக்ஸில் 98 வாங்கிய கையோடு, "எனக்கு பிசிக்ஸ் வராது மிஸ்" என்று சொல்லிவிட்டு பி.காம். படிவம் வாங்கப் போகிறாள். பி.காமில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வராது என்பதுதான் பொய்.

ஆனால் அந்த ஆய்வு ஏன் என்று சொல்வதில்லை. முன்மாதிரியாக ஒரு பெண் நிற்பதால் வந்த தைரியமா, அவர்கள் நடத்திய விதமா, சந்தேகம் கேட்கத் தயங்காததா, பிரித்துப் பார்க்க அவர்களிடம் வழியில்லை.

பக்கத்திலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் கேத்கி ஷேத்தும் ஆந்திரப் பிரதேசத்தின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் சில ஆண்டுகள் தொடர்ந்து சேர்த்த தேர்வு விவரங்களை வைத்துச் செய்தது, 2016-இல் வெளியானது. பாடம் அறிவியல் அல்ல, கணக்கும் தெலுங்கும். பெண் ஆசிரியரிடம் படித்த ஆண்டில் பெண்பிள்ளைகள் சற்றுக் கூடுதலாக முன்னேறினார்கள், பையன்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை. 'சற்று' என்பதை அழுத்திப் படிக்கவும். மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத் திட்ட விலக்கம் என்று புள்ளியியலில் சொல்வார்களே, அதில் ஆண்டுக்கு 0.036 பங்கு. விமானப்படை அகாடமியில் பார்த்த அளவோடு இதை ஒப்பிடவே முடியாது. சின்ன வயதில் சின்ன விளைவு, கடினமான அறிவியலின் வாசலில் பெரிய விளைவு என்று நான் புரிந்துகொள்கிறேன். இரண்டு ஆய்வையும் அப்படி முடிச்சுப்போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று புள்ளியியல் தெரிந்தவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும்.

அப்படியானால் எல்லா வகுப்பிலும் பெண் ஆசிரியரை நிறுத்திவிட்டால் வேலை முடிந்ததா? அங்கேதான் உளவியலாளர் சியன் பெய்லாக் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு குறுக்கே வருகிறது. அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்பு எடுக்கும் 17 ஆசிரியைகள். அவர்களுக்கே கணக்கு என்றால் எவ்வளவு பயம் என்பதை அளந்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆண்டு முடிவில், பயம் அதிகமுள்ள ஆசிரியையிடம் படித்த பெண்பிள்ளைகளில் கூடுதலான பேர் "கணக்கு பையன்களுக்கு, வாசிப்பு பெண்களுக்கு" என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பிய பெண்களின் கணக்கு மதிப்பெண்தான் சறுக்கியிருந்தது. பையன்கள் மேல் அந்தப் பயம் ஒட்டவே இல்லை.

ஆறு வயதுப் பிள்ளை அதை எதிலிருந்து கற்றுக்கொண்டது? டீச்சர் "எனக்குக் கணக்கு பயம்" என்று போர்டில் எழுதியிருக்கவா போகிறார்? பின்னக் கணக்கு வந்ததும் குரல் மாறுவது, புத்தகத்தை மறுபடி புரட்டுவது, "இதைக் கொஞ்சம் கவனமா பாருங்க, கஷ்டம்" என்று முன்கூட்டியே மிரட்டுவது என்று சின்னச் சின்னதாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். முன்மாதிரி என்ற சொல்லை நாம் ரொம்ப நல்ல பொருளிலேயே பயன்படுத்துகிறோம். பயத்துக்கும் ஒருவர் முன்மாதிரியாக இருக்க முடியும்.

சார்கள் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இத்தாலி ஆய்வு ஒன்று. நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களின் மனதுக்குள் ஊறிய பாலினச் சாய்வை மிக்கேலா கார்லானா கணினிச் சோதனை ஒன்றால் அளந்தார். சாய்வு அதிகமுள்ள ஆசிரியரிடம் படித்தபோது பெண்கள் கணக்கில் பின்தங்கினார்கள், தங்கள்மேல் நம்பிக்கை குறைந்தது, அடுத்த கட்டத்தில் சுலபமான பள்ளிப் பிரிவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதைவிட அவர் உள்ளுக்குள் என்ன நினைக்கிறார் என்பதே அங்கே வேலைசெய்கிறது.

நினைப்பு எப்படி வெளியே வரும்? என் அனுபவத்தில் அது விநாடிகளில் வரும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஒன்றைக் கண்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்பார், வேறொருவரைக் கைகாட்டுவார், அல்லது தானே சொல்லிவிடுவார். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டினால் பதில் நீளமாகிறது, "தெரியாது" குறைகிறது, வாயே திறக்காதவர்கள் பேசுகிறார்கள். இன்னொன்றும் பார்த்தார். நன்றாகப் படிப்பவர் என்று ஆசிரியர் நினைக்கும் பிள்ளைக்கு மட்டும் காத்திருப்பு தானாகவே கூடுகிறது.

மூன்று விநாடி என்றால் என்ன பெரிய நேரம் என்று தோன்றும். ஐம்பது பேர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பில் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அப்புறம் தெரியும். அந்த அமைதியைப் பையன்கள் தாங்க மாட்டார்கள். "மிஸ், மிஸ், நான் சொல்றேன் மிஸ்" என்று ஒருவன் எழுந்தே விடுவான். பாதி நேரம் பதில் தப்பாக இருக்கும், ஆனால் அந்த இடம் அவனுடையதாகிவிடும். பதில் சரியாகத் தெரிந்த பெண் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போதெல்லாம் நான் யார் எழுந்தாலும் கையை மட்டும் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, வருகைப் பதிவேட்டில் விரல் போன இடத்துப் பெயரைக் கூப்பிடுகிறேன். பையன்களுக்கு இதில் பெரிய வருத்தம். "கரெக்டா தெரிஞ்சவங்களை விட்டுட்டு தெரியாதவங்களைக் கேக்குறீங்க" என்பார்கள். ஆமாம், அதற்குத்தானே சம்பளம்.

வகுப்பறையைவிட லேப்தான் எனக்கு இதில் முக்கியம். ப்ளஸ் டூ செய்முறையில் முப்பட்டகத்தின் (ப்ரிஸம்) ஒளிவிலகல் எண் காணும் சோதனை ஒன்று உண்டு, ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவியை வைத்துச் செய்வது. எங்களிடம் ஒழுங்காக வேலைசெய்கிற ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டு. சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் சிவப்பாகக் கனன்று, சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சளுக்கு வரும். அதற்குள் டெலஸ்கோப்பை ஜன்னல் பக்கம் திருப்பி தூரத்துத் தென்னை மரத்துக்கு ஃபோகஸ் செய்ய வேண்டும், ஸ்பிரிட் லெவல் வைத்து முப்பட்டக மேடையின் மூன்று திருகுகளையும் சரிசெய்ய வேண்டும். அப்புறம் சிறும திசைமாற்றக் கோணம், அதாவது ஒளி மிகக் குறைவாகத் திரும்பும் கோணம். மேடையை மெல்லத் திருப்பத் திருப்ப, டெலஸ்கோப்பில் தெரியும் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் தயங்கி நிற்கும். இன்னும் திருப்பினால், நீங்கள் அதே பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாலும், கோடு வந்த வழியே திரும்பிப் போகும். இயற்பியலை வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு பிள்ளை யோசிக்கும் என்றால் அந்த இடத்தில்தான் யோசிக்கும். ஆனால் திருப்புகிற கை தன்னுடையதாக இருந்தால்தான் அந்த ஆச்சரியம். பக்கத்தில் நிற்பவளுக்கு அது வெறும் எண்.

குழுவுக்கு ஐந்தாறு பேர். நான் ஒன்றும் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இரண்டு பையன்கள் கருவிக்கு முன்னால் போய்விடுவார்கள். ஒருவன் கண்ணை வைப்பான், இன்னொருவன் லென்ஸால் வெர்னியர் என்ற நுண்ணிய அளவுகோலைப் பார்த்துக் கோட்டை எண்ணுவான். பெண்களில் ஒருத்தி ஸ்கேல் வைத்து அட்டவணை போட்டு முடித்திருப்பாள். "மெயின் ஸ்கேல் ரீடிங் சொல்லுடா." "வெர்னியர் பதினாலு." "சரியா பாத்தியா?" "பாத்துட்டேன், எழுது." அவள் எழுதுவாள். கணக்கையும் அவளே போடுவாள். ஒளிவிலகல் எண் 1.5-க்குப் பக்கத்தில் வராமல் 1.2 என்று வந்தால் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதும் அவள்தான். மூன்று திருகில் ஒன்றைக்கூடத் தொட்டிருக்க மாட்டாள். யாரும் தடுக்கவில்லை, யாரும் இப்படிப் பிரித்துக்கொள்வோம் என்று பேசவும் இல்லை.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடாஷா ஹோம்ஸ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் அச்சு அசலாக இதையே பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இயற்பியல் லேபில் யார் கருவியைக் கையாளுகிறார்கள், யார் லேப்டாப்பில் பதிவுசெய்கிறார்கள் என்று உட்கார்ந்து குறித்திருக்கிறார்கள். சோதனையை நீங்களே வடிவமையுங்கள் என்று சுதந்திரம் கொடுத்த லேப்களில் கருவி ஆண்கள் பக்கமும் லேப்டாப் பெண்கள் பக்கமும் சாய்ந்தது. படி ஒன்று, படி இரண்டு என்று கையேடு கொடுத்த பழைய பாணி லேப்களில் அந்தச் சாய்வு இல்லை. புதிய பாணிதான் நல்லது, பிள்ளைகளைச் சுதந்திரமாக விட வேண்டும் என்று பயிற்சி முகாம்களில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் யார் எதைச் செய்வது என்பதைச் சொல்லாமல் சுதந்திரம் கொடுத்தால், வீட்டில் பழகிய வேலைப் பிரிவினை அப்படியே லேபுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

வகுப்பில் பாணியை மாற்றினால் இடைவெளி குறையுமா என்பதிலும் இப்படி ஒரு குழப்பம் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர், விரிவுரையை நடுநடுவே நிறுத்தி ஒரு கேள்வி கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பதில் சொல்ல வைக்கும் முறையைக் கொண்டுவந்தவர். அந்த முறை முழுமையாக நடந்த வகுப்புகளில் ஆண் பெண் இடைவெளி இல்லாமல் போனது என்று 2006-இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தினர், நாங்களும் இதே மாதிரிதான் நடத்துகிறோம், எங்களிடம் இடைவெளி போகவில்லையே என்று எழுதினார்கள். உள்ளே வரும்போதே பிள்ளைகளிடம் இருந்த முன்தயாரிப்பு வித்தியாசம்தான் பெரும்பாலும் காரணம் என்று பிறகு அவர்களே கண்டார்கள். முன்தயாரிப்பு என்பது யார் வேலை? என்னைப் போன்றவர்கள் வேலை. பழி சுற்றிச் சுற்றி ப்ளஸ் டூ லேபுக்கே வந்துவிட்டது.

என் லேபில் இப்போது ஒரு விதி இருக்கிறது. இந்த வாரம் எழுதியவர் அடுத்த வாரம் பேனாவைத் தொடக்கூடாது. எதிர்ப்பு பையன்களிடமிருந்து வரும் என்று நினைத்தால், முதலில் முகம் சுளித்தவர்கள் பெண்கள். "அவன் பண்ணா சீக்கிரம் முடியும் மிஸ்." "உடைஞ்சிட்டா மிஸ்?" இன்னொருத்தி, "என் கையெழுத்துதான் மிஸ் நல்லா இருக்கும்." இந்தக் கடைசிப் பதிலில் எங்கள் எல்லோர் கைரேகையும் இருக்கிறது. முத்து முத்தான எழுத்து என்று அவளை மூன்றாம் வகுப்பிலிருந்து பாராட்டிப் பாராட்டி, அதையே அவளுக்கு உத்தியோகமாக ஆக்கிவிட்டோம்.

விதி வந்த பிறகு முதல் சில வாரங்கள் லேப் நேரத்தில் முடியவில்லை. ஒருத்தி டெலஸ்கோப்பை இறுக்கும் திருகைத் தளர்த்தாமலே தள்ளிவிட்டு, அசையவில்லை என்று பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன் பாய்ந்து வந்தான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக நிறுத்திவைத்தேன். அவள் கருவியைச் சுற்றி வந்து, அடியில் குனிந்து பார்த்து, திருகைக் கண்டுபிடித்து, தளர்த்தினாள். எனக்கு அந்தப் பீரியடில் வேறெதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. கோடு திரும்புகிற இடத்தில் அவள், "மிஸ், இது பேக் அடிக்குது!" என்று கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதே வாரம் ஒரு பையனின் அட்டவணையில் அலகே இல்லை, தலைப்பும் இல்லை. அவன் அதுவரை சொந்தமாக ஓர் அட்டவணைகூடப் போட்டதில்லை என்பது அன்றைக்குத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆக, இந்தப் பிரிவினையில் இழப்பு ஒரு பக்கத்துக்கு மட்டும் இல்லை.

இதெல்லாம் மார்க்கில் தெரியுமா என்றால், தெரியாது. நம் முறையில் தெரியவே வழியில்லை. இயற்பியல் செய்முறைக்கு 20 மதிப்பெண். வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும், எல்லாம் உண்மை. ஆனால் நம் ஊரில் செய்முறையில் மார்க் குறைந்த பிள்ளையை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கருவியைத் தொட்டவளுக்கும் தொடாதவளுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். மேலே மாநில அளவில் பார்த்தால் படம் இன்னும் அழகாக இருக்கிறது. 2025 ப்ளஸ் டூ தேர்ச்சியில் பெண்கள் 96.70 சதவீதம், பையன்கள் 93.16. ஒவ்வொரு ஆண்டும் செய்தித்தாளில் பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம் வரும், "வழக்கம்போல் மாணவிகளே" என்ற தலைப்போடு. அப்படிப்பட்ட பெண்கள் நாடு முழுக்க இருந்தும் ஐஐடி பி.டெக். வகுப்புகளில் பத்துக்கு ஒருத்திகூட இல்லாத நிலை வந்து, 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்களை உருவாக்க வேண்டியதாயிற்று. அந்த நுழைவுத் தேர்வு வேறு, கோச்சிங்குக்குப் பெண்ணை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடு வேறு, செலவு வேறு. எல்லாக் காரணங்களையும் லேபில் கொண்டுவந்து கொட்ட மாட்டேன். ஆனால் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி, பெண்கள்தான் முன்னால் இருக்கிறார்களே, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

பின்தங்கும் பையன்கள் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். சவூதி, ஓமன், பஹ்ரைன் மாதிரி நாடுகளில் பெண்களும் ஆண்களும் தனித்தனிப் பள்ளியில் படிக்கிறார்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் பெண் ஆசிரியர்கள், ஆண்களுக்கு ஆண் ஆசிரியர்கள். டிம்ஸ் என்ற சர்வதேச அறிவியல் தேர்வில் அங்கே பெண்கள் பையன்களைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறார்கள். ஆண் ஆசிரியர் கிடைத்தாலே பையன்கள் தேறிவிடுவார்கள் என்று நம்புபவர்கள் அந்த அட்டவணையை ஒருமுறை பார்க்கலாம்.

தனிப்பள்ளி என்றதும் எங்கள் வேதியியல் சார் ஞாபகம் வருகிறது. என் விதியைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன யோசனை: பெண்களுக்குத் தனி பேட்ச் போட்டுவிடுங்கள், இந்தத் தொல்லையே இருக்காது. நான் படித்தது பெண்கள் பள்ளி என்பதால் இதில் எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. எங்கள் லேபில் பேட்டரி எலிமினேட்டரைத் தூக்குவதும் நாங்கள்தான், மீட்டர் பிரிட்ஜில் ஒயர் தளர்ந்தால் முறுக்குவதும் நாங்கள்தான், வேறு ஆள் ஏது? ஆனால் ஆய்வுகள் அவ்வளவு தாராளமாக இல்லை. 2014-இல் எரின் பால்க், ஜேனட் ஹைட், கார்லி அலிசன் ஆகியோர் 21 நாடுகளில் 16 லட்சம் பிள்ளைகளை உள்ளடக்கிய 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குடும்பப் பின்னணி மாதிரி விஷயங்களைக் கணக்கில் எடுத்த ஒழுங்கான ஆய்வுகளில், தனிப்பாலினப் பள்ளியால் கணக்கிலோ அறிவியலிலோ சொல்லிக்கொள்ளும் பலன் எதுவும் தேறவில்லை.

அதோடு, இவர்கள் ப்ளஸ் டூ முடித்துப் போகப்போவது பெரும்பாலும் கலப்புக் கல்லூரிக்கு. அங்கே முதல் செமஸ்டர் லேபில் ரெக்கார்டு நோட்டை யார் கையில் திணிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், என் கையில்தான் திணித்தார்கள். "நான் எழுதிட்டேன், இன்னைக்கு நீ எழுது" என்று ஒரு பையன் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக, பையன்கள் இருக்கும் லேப் வேண்டும். அதனால் சாரிடம் ஒரு பேரம் பேசியிருக்கிறேன். ப்ளஸ் ஒன்னில் வெர்னியர், திருகு அளவி பழகும் முதல் இரண்டு மாதம் தனி பேட்ச், காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு கலப்பு, எழுதுகிற விதி இரண்டிலும் உண்டு. அவர் ஒப்புக்கொண்டுவிட்டார், தன் டைட்ரேஷன் லேபிலும் ப்யூரெட் பிடிப்பதற்கு இதே விதியைப் போடுகிறேன் என்றார். டைம் டேபிள் போடும் சார்தான் இன்னும் மசியவில்லை. இரண்டு பேட்ச் என்றால் வாரத்துக்கு இரண்டு பீரியட் கூடுதலாக வேண்டும், எங்கிருந்து எடுப்பது என்கிறார். பி.டி. பீரியடிலிருந்து எடுங்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பெண்களுக்கு மைதானத்தில் ஏற்கெனவே மூலைதான் கிடைக்கிறது.